தொட்டிக்குப் பின்னால்

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பிரேக்கை அழுத்தினாள்.

பிடித்தது.

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு சுற்று ஓட்டிவர எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்கு மனப்பாடம். அது ஆனதும், சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையை உதறி, லேசாக மூச்சு வாங்கியபடி சைக்கிளை முன்பக்கம் தள்ளி வந்தாள்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருடமாக யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை மட்டும் திறக்கிற பட்டறை அது. சமுதாயக் கூடத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. கூலி வாங்குவதில்லை. வேலை தெரிந்த நாலைந்து பேர் வந்து, யார் சைக்கிள் கொண்டுவந்தாலும் சரிசெய்து கொடுப்பார்கள். சம்பளம் இல்லாத இடம் என்பதாலோ என்னவோ, சட்டதிட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பெரிய சட்டம் சுவரிலேயே எழுதியிருந்தது.

பழுது பார்த்தவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் தர வேண்டும்.

எழுதியவர் நசீர், பாலிடெக்னிக் வாத்தியார். ஓட்டிப் பார்த்ததற்கு ஹேண்டில்பாரில் ஓர் அட்டை கட்டிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். வாத்தியார் புத்தி.

அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

மற்றதெல்லாம் தெரியும். அண்ணன் சைக்கிளைத் துடைத்தது, எண்ணெய் விட்டது, பஞ்சர் ஒட்டியது எல்லாம் அவள்தான். ஏறி மிதித்தது மட்டும் அவன். அப்புறம் பனியன் கம்பெனியில் இருபது வருடம் தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டினாள். இங்கே வந்த முதல் வாரமே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் அந்த வெட்கம் இரட்டிப்பாகிவிட்டது.

அட்டையில் கையெழுத்துப் போட்டாள்.

சைக்கிளுக்குச் சொந்தக்காரி சிந்தாமணி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். முன் பிரேக் எப்போதோ போய்விட்ட சைக்கிள். அதற்குச் சாமான் அடுத்த வாரம்தான் வரும். இன்றைக்குப் பின் பிரேக்குக்கு மட்டும் புது ஒயர் போட்டிருந்தது.

சிந்தாமணி தன் மகளைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்தாள். நாலைந்து வயதிருக்கும்.

"பாலத்துல எறங்கறப்பதானுங்க்கா பயமா இருந்துச்சு. இனிக் கவலையில்ல."

ரயில்வே மேம்பாலம். இறக்கம் முடிகிற இடத்தில் பஸ்கள் திரும்பும்.

அவள் கண் பின் பிரேக் பக்கம் போனது.

ஒயரைப் பிடித்திருக்கும் நட்டு பழையது, மரை தேய்ந்தது. வேறு கிடைக்காமல் அதையே இறுக்கியிருந்தாள். வெறும் சைக்கிளைத் தள்ளும்போது பிடித்தது சரி. ஆள் பாரத்தோடு இறக்கத்தில் பிடிக்குமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சுவரில் அப்படி எழுதியிருந்தது.

சிந்தாமணி ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள்.

சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். வாரத்தில் அவளை ஒரு ஆளாக மதித்துச் சந்தேகம் கேட்கிற நாலு மணி நேரம் அது.

"நில்லுங்க," என்றாள். "நான் ஓட்டிப் பாக்கலீங்க. எனக்கு ஓட்டவே தெரியாது. தொட்டிக்குப் பின்னால தள்ளிட்டுப் போயி நின்னுட்டு வந்துருவேன். அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

ஸ்பேனர் சத்தம் நின்றது. நசீர் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

சிந்தாமணிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. குழந்தையை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நீங்க ஏறுங்க."

தொட்டிமேட்டிலிருந்து பின்பக்க மைதானத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது. விழுந்தாலும் மணல்தான். அங்கே தள்ளிப்போய் சிந்தாமணி சீட்டில் உட்கார, அவள் பின்னால் கேரியரில் ஏறிக்கொண்டாள். தான் பழுது பார்த்த சைக்கிளில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை.

பாதிச் சரிவில் சிந்தாமணி பிரேக்கை அழுத்தினாள்.

பிடித்தது.

பிறகு டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

இருவரும் மணலில் கிடந்தார்கள்.

அவளுக்கு முழங்கை சிராய்த்திருந்தது. சிந்தாமணி எழுந்து, கழன்று தொங்கிய ஒயரைப் பார்த்தாள். மேம்பாலம் இருக்கும் திசையைப் பார்த்தாள். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவள் தன் பையை எடுக்கப் போனாள். போகச் சொல்வதற்குள் தானே போய்விடுவது மரியாதை என்று பட்டது.

நசீர் தன் சைக்கிளுக்கு முன்னால் குத்துக்காலிட்டிருந்தார். பிரேக் நட்டைக் கழற்றி எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மாட்டுங்கம்மா."

மாட்டினாள். இரண்டு முறை இறுக்கினாள்.

மறுபடி அதே சரிவு, அதே இரண்டு பேர். இந்தத் தடவை சைக்கிள் பாதிச் சரிவிலேயே நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. சிந்தாமணியின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அட்டையில் இருந்த தன் கையெழுத்தை அவள் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே சிந்தாமணி தன் பெயரை எழுதினாள். நசீர் அதையும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

குழந்தை மறுபடி கேரியரில் ஏறியது. சிந்தாமணி வாசல்வரை போய், ஒரு காலை ஊன்றி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த வாரம் முன் பிரேக் போட வருவனுங்க்கா. நீங்க கொஞ்சம் நேரமே வந்துருங்க, ஓட்டிப் பழகலாம். தொட்டிக்குப் பின்னால யாரும் பாக்க மாட்டாங்கன்னீங்கல்ல."