ஒரு சொட்டுத் தைரியம்

"கொலை பண்ணத் தைரியம் இருக்கு, ஒரு சொட்டு ரத்தம் குடுக்க நடுங்குதாக்கும்!"

மீசையை முறுக்கியபடி வரிசையை ஒரு பார்வை பார்த்தார் தலைமை வார்டர். ஜெயிலில் அன்று எச்.ஐ.வி. பரிசோதனை முகாம். வெளியில் இருப்பதைவிட உள்ளே தொற்று பல மடங்கு அதிகம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"இதுலயாவது முதலிடம் வாங்குனீங்களே, சந்தோஷம்!"

நர்ஸ் குறுக்கிட்டாள். "ரிசல்ட்டை யார்கிட்டயும் சொல்லமாட்டோம். தொற்று இருந்தாலும் பயமில்ல, மாத்திரை இருக்கு. நாற்பது பேருக்கு நாற்பது கிட். வாங்க."

தயங்கித் தயங்கி ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெயிலில் எல்லோருக்கும் முடிவெட்டும் கைதி 'கத்தரி' மட்டும் சுவரோரம் நின்றுவிட்டான்.

"உனக்கென்னடா?"

"எனக்கு வேண்டாம்யா."

"பாத்தீங்களா சிஸ்டர்! என்னென்ன ஆட்டம் போட்டாரோ, குட்டு வெளிப்பட்டுடும்னு பம்முறார் துரை!"

வரிசை மொத்தமும் சிரித்தது. கத்தரி தலையைக் குனிந்துகொண்டான். வார்டருக்கு அன்றைய பொழுது இனிதே போயிற்று.

"டேய், தள்ளி நில்லுடா. ஒட்டிக்கப் போகுது!"

"பக்கத்துல நின்னா ஒட்டாதுங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கேவா பாடம்? நான் குடும்பஸ்தன்மா. ஒழுக்கம்னா என்னன்னு என்னைப் பார்த்துத்தான் இவனுங்க கத்துக்கணும்!"

மாலை ஐந்து மணி. நர்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். வராந்தா காலியாகும்வரை காத்திருந்த ஒழுக்கம், பூனை மாதிரி உள்ளே வந்து கதவைத் தாழிட்டது.

"சிஸ்டர்... எனக்கும் ஒரு தடவை பாத்துடலாமா? பேர் மட்டும் எழுதாதீங்க. போன வருஷம் ட்ரெயினிங்குக்கு வெளியூர் போனப்ப..."

நர்ஸ் பெட்டியைத் திறந்து கடைசி கிட்டை எடுத்தாள்.

"நல்லவேளை, ஒண்ணு மிச்சம் இருக்கே!" வார்டருக்கு உயிர் வந்தது.

"மிச்சமில்லைங்க. காலையில நாற்காலி போட வந்தப்பவே கத்தரி சொல்லிட்டுப் போனார். 'ஐயா மூணு மாசமா நோட்டீஸ் போர்டுல இந்த எச்.ஐ.வி. போஸ்டரையே படிச்சுட்டு நிக்கிறாரு. எல்லார் எதிர்லயும் வாய்விட்டுக் கேக்கமாட்டாரு, பாவம். என்னோடதை அவருக்கு எடுத்து வெச்சிருங்க, நான் அடுத்த முகாம்ல பாத்துக்கறேன்'னு."