செவலைக்கு வந்த கிராக்கி

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ஒரு தாடிக்காரக் கிழவரோடு பேசிப் பேசி, செவலைப் பசுவை விற்க வந்த தண்டபாணிக்குத் தொண்டை வற்றிவிட்டது.

"செவலை மூணாம் ஈத்துங்க. சாது."

"அஞ்சாம் ஈத்து. ஒரு காம்புல பாலும் வராது."

"இதையெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொன்னது?" தண்டபாணிக்கு எரிச்சலாக வந்தது. "வேண்டாம்னா உடுங்க. கறிக்கு வாங்கற லாரிக்காரர் காத்துட்டிருக்காரு."

"அவனுக்கு மட்டும் குடுத்துராதே. கைய நீட்டு."

துண்டைப் போட்டு மூடி, அதற்குள் பிடிக்கும் விரல்களின் கணக்கில் விலை பேசுவது சந்தை வழக்கம். கிழவரின் கை பட்டதும் தண்டபாணி திடுக்கிட்டான். சின்ன வயதில் மாடு மிதித்து இவனுக்குக் கோணிப்போன அதே வலது சுண்டுவிரல், அதே தழும்பு. நிமிர்ந்து பார்த்தான். தாடியை எடுத்துவிட்டால் அது தன் முகமேதான்.

"நீயேதான்டா," என்றார் கிழவர். "லாரியில ஏத்தறப்ப இவ என்னையத் திரும்பிப் பாத்தா. முப்பது வருசமாத் தூக்கமில்லை."

தண்டபாணி கொஞ்சம் யோசித்தான்.

"அத்தனை தூரம் வந்துட்டு வெறுங்கையோடவா போவீங்க? இன்னொரு விரல் சேத்துங்க."

கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். "அன்னிக்கு நானும் இதையேதான் கேட்டேன். எங்கிட்ட வந்த கெழவன் அவ்வளவு பணமில்லாமத் திரும்பிப் போயிட்டான். நான் கொண்டாந்திருக்கேன்." இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"உங்க காலத்து நோட்டு இப்பச் செல்லுமுங்களா?"

"இதையும் கேப்பேன்னு தெரியும். முப்பது வருசமா ஒத்தைத் தாளைக்கூட மாத்தாமப் பொத்தி வெச்சிருக்கேன். கயித்தைக் குடுறா!"