சிக்கனத்துக்கு விருது

“எட்டு ஆன்டெனா இருக்கு சார். சிக்னல் நல்லா வந்தா, ஆறைத் தூங்க வச்சிட்டு ரெண்டு மட்டும் வேலை பார்க்கும்” என்று ரிசீவரைக் காட்டினார் ஆய்வுக்கூட இயக்குநர்.

மீட்டர் முள் சரிந்தது. மின்சிக்கன விருதுக்கு ஆள் தேடி வந்த நடுவர் அசந்துபோனார். வியர்வையில் நனைந்தும் போனார்.

“கரண்ட் கால்வாசி ஆயிடுச்சே! ஆனா, ஏசி போடலையா?”

“சிக்கனம் பேசற நாமளே ஏசி போட்டா ஊர் சிரிக்காதா சார்?”

நடுவர் நெகிழ்ந்து, அங்கேயே விருதை அறிவித்தார். கிளம்பும்போது வழி தவறிப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். ஜில்லென்று காற்று அடித்தது. உள்ளே பீரோ உயரக் கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நாலு ஏசி.

“இது என்ன?”

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே வந்த இன்ஜினியர் பெண், ரிசீவரை வடிவமைத்தவள், பெருமையோடு முந்திக்கொண்டாள். “எந்த ஆறைத் தூங்க வைக்கணும்னு ஓயாம கணக்குப் போடறது இதுதான் சார். சூடு தாங்காது, பாவம். அதான் அந்த ரூம் ஏசியையும் கழட்டி இங்க மாட்டிட்டோம்.”

இயக்குநர் அவசரமாகக் கதவைச் சாத்தப் போனார்.

நடுவர் யோசித்தார். “இந்த ரூம்ல மீட்டர் இருக்கா?”

“இல்ல சார்” என்றார் இயக்குநர்.

“அப்பச் சரி” என்ற நடுவர், நாற்காலியை இழுத்து ஏசிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.