சேவியரின் இதயப் பட்டை

எங்கள் டிப்போவில் ஓட்டுநர்கள் எல்லாரும் நெஞ்சில் பட்டை ஒட்டிக்கொண்டுதான் பஸ்ஸை எடுக்க வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்குச் சில மணி நேரம் முன்பே அது வீட்டுக்கும் டிப்போவுக்கும் சொல்லிவிடும். சேவியருக்கு இரண்டு முறை சொல்லிவிட்டது. மூன்றாவது முறை சொன்னால் அவன் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

"உனக்கென்னடா, குதிரை நெஞ்சு. ஒரு வாரம் நீ போட்டுக்க. அதுக்குள்ள மாத்திரைல சரியாயிடும்," என்றான்.

என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்குப் பட்டை கிடையாது. அவனுடையதைச் சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு ஐந்து நாள் வேலை பார்த்தேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

"பீடி குடிக்காதடா, என் ரிப்போர்ட் கெட்டுடும்," என்று தினமும் கிண்டல் செய்வான்.

ஆறாம் நாள் காலை, சூளகிரி தாண்டி பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தியவன் அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டான். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேதி வந்ததும் வேலைச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பட்டையைக் கழற்றத் தைரியம் வரவில்லை. அவன் மனைவி ரோஸ்லினிடம், உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். அவள் அழவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் சேவியரின் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, டாக்டர் சரியா பாக்கல. காலைல இருந்து இதுல நல்லாத்தான் காட்டுது. நீங்க போய்ச் சொல்லுங்க."

சட்டைக்குள் இருந்த பட்டையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"பாருங்கண்ணே," என்றாள், "இப்போ இன்னும் வேகமா துடிக்குது."