பதினோரு மணி எடை

எழுபத்தைந்து சதவீத வருகைக்கு இன்பராஜுக்கு ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி. இதுவோ கடைசி வகுப்பு. இது தவறினால் பரீட்சை கிடையாது, ஒரு வருடம் போச்சு.

கல்லூரியில் பேர் கூப்பிடும் வழக்கம் ஒழிந்துவிட்டது. சரியாகப் பதினோரு மணிக்கு ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் உள்ள லோடு செல் என்ற எடைக்கருவி, மேலே இருக்கும் பாரத்துக்கு மயிரிழை வளைந்து எடையைச் சொல்லும். அவரவர் எடை அவரவர் இடத்தில் இருந்தால் வருகை.

பாடம் திரையில் தானாக ஓடியது. காய்ச்சலில் குறைந்த ஒன்றரை கிலோவை இன்பராஜ் தண்ணீர் குடித்தே ஈடுகட்டியிருந்தான். பாத்ரூம் போகவும் பயம். கடைசி வரிசையில் அவன் பக்கத்து இருக்கையில், சினிமாவுக்குப் போன சாதிக்குக்குப் பதிலாக, அறுபத்திரண்டு கிலோ மணல்மூட்டை சட்டையும் தொப்பியும் போட்டு அமர்ந்திருந்தது.

"நெளியாதடா, எடை தப்பாக் காட்டும்," என்றாள் முன் இருக்கை யாழினி. "அவனைப் பாரு, எவ்வளவு அடக்கமா இருக்கான்!"

"பயத்துலயே ரெண்டு கிலோ போயிருக்கும், யாழி."

பதினொன்றுக்குச் சில நொடிகள் இருக்கும்போது கதவு திறந்தது. விருந்தினர்களோடு முதல்வர்.

"இங்க யாரும் ஏமாத்தவே முடியாது சார்!"

வகுப்பே மரியாதையாக எழுந்து நின்றது. இன்பராஜின் கால்களும் அவனைக் கேட்காமலே எழுந்தன. மணி அடித்தது.

திரையில் பச்சை எழுத்து ஒளிர்ந்தது: வருகை ஒருவர், சாதிக்.

முதல்வர் கடைசி வரிசையை முறைத்தார். "யாருப்பா நீ? பெரியவங்க வந்தா எழுந்திருக்கத் தெரியாதா?"

"தெரியாது சார்," என்றான் இன்பராஜ். "அதனாலதான் அவன் பரீட்சை எழுதப் போறான்."