மஞ்சள் மாத்திரை

மத்தியான வெயில் மலை ஆஸ்பத்திரியின் ஓட்டு இடுக்கு வழியே பெஞ்சின்மேல் விழுகிறது. பச்சையம்மாவின் மகள் அதில் கிடக்கிறாள். வலிப்பு வந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. நர்ஸ் பத்ருன்னிசா குழந்தையை ஒருக்களித்துப் பிடித்தபடியே, "வலிப்புக்குக் குடுத்த வெள்ளை மாத்திரை இன்னாம்மா ஆச்சு?" என்கிறாள். "அத்த நிறுத்திட்டேங்க. போட்டா தூங்கியே வழியுறா. கூடவே குடுத்தீங்களே மஞ்ச சத்து மாத்திரை, அத்த மட்டும் வுடாம போடறேன்." பெஞ்சடியில் மூத்திரம் பளீரென்ற மஞ்சளாய் ஓடி வெயிலில் மினுங்குகிறது. பச்சையம்மா அதை விரலால் காட்டுகிறாள். முகத்தில் ஒரு நிம்மதி. "பாருங்க, நோவு எப்படி எறங்குதுன்னு." அது சத்து மாத்திரையின் நிறம் என்று சொல்ல நர்ஸ் வாயெடுக்கிறாள். அடங்கின மாதிரி இருந்த உடம்பு அவள் கைக்குள்ளேயே மறுபடியும் விறைக்கிறது.