திரும்பி வரும் கேள்வி

தீயணைப்புப் படைக்கு விண்ணப்பித்திருந்த ஜஸ்ரினுக்கு உளச்சார்புப் பரீட்சைதான் பயம். ஒரே கேள்வியை வேறு சொற்களில் திரும்பவும் கேட்பார்களாம். விடை மாறினால் பொய்யன் என்று தள்ளிவிடுவார்களாம். அதனால் பின்னேரங்களில் அம்மா அற்புதராணி கதிரையில் இருந்து மாதிரிக் கேள்விகளை வாசிப்பார்.

"மேலதிகாரி கூப்பிட்டால், நெருப்புக்குள்ளை ஆள் இருக்க விட்டுட்டு வருவியோ?"

"ஓம், வருவன்."

அதுதான் சரியான விடை. வலைக்கொட்டில் எரிந்த அன்று அண்ணன் ஜெரிசன் அப்படி வரவில்லை. ஊரே கத்திக் கூப்பிட, உள்ளே போய் ஜஸ்ரினை வெளியே தள்ளிவிட்டுத் தான் நெருப்புக்குள்ளேயே அகப்பட்டுவிட்டான். அவனைச் சேமக்காலையில் அடக்கி இரண்டு வருடமாகிறது.

சில பக்கங்கள் தள்ளி அந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது.

"உள்ளுக்கை ஒராள் கிடக்கேக்கை, கட்டளை எண்டதுக்காக வெளியிலை வருவியோ?"

ஜஸ்ரின் வாய் திறக்குமுன் குசினிக்குள் இருந்து விடை வந்தது.

"வரமாட்டன்."

குசினி அடுப்படியில் ஒருவரும் இல்லை. அம்மா தலை நிமிரவில்லை.

"நீ பேசாமல் இரு, ஜெரிசன். சோதினை தம்பிக்கு."

பக்கத்தைத் திருப்பப் போன அவரது விரல் அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை இன்னொருமுறை வாசித்தார், குசினிக்குக் கேட்கும்படியாக.